இருந்த இடத்திலேயே வீடு

சென்னையில் குடிசைகளை அகற்றும்போதெல்லாம் ‘மாற்று வீடு தந்துவிட்டோமே’ என்கிறார்கள். வீடு கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும்; பிழைப்பு சிந்தாதிரிப்பேட்டையில். வீட்டு வேலைக்கும் மீன் விற்கவும் விடியலில் கிளம்பும் பெண்கள் 20 கிலோமீட்டருக்கு மேல் பஸ் பிடித்து வர வேண்டும். பள்ளி மாற முடியாமல் படிப்பை விட்ட பிள்ளைகளை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம், குடிசை இருந்த இடத்திலேயே மாடிக் குடியிருப்புகளைக் கட்டியது. தெருவும் பள்ளியும் பிழைப்பும் மாறவில்லை. 2021இல் வாரியத்தின் பெயரில் ‘வாழ்விடம்’ வந்தது. மக்களின் வாழ்விடமோ தொலைவுக்குப் போய்விட்டது. ஊருக்கு வெளியே சேரி என்ற பழைய வழக்கம்தான் இன்று நகருக்கு வெளியே அடுக்குமாடியாக நிற்கிறது.

ஆற்றங்கரையில் ஆபத்து என்றால், அதே வட்டாரத்தில் அரசு நிலம் தேடுங்கள். வரைபடம் போடும் முன் எங்களைக் கேளுங்கள். நகரைக் கட்டியவர்களுக்கு நகருக்குள் இடம் கேட்பது சலுகை அல்ல, உரிமை.