இரு திரைகள், ஒரு பாடநூல்

திரைப்படத்துக்கும் தொலைக்காட்சிக்கும் ஒரே பாடநூல் போதும் என்று பாடத்திட்டக் குழுக்களில் அமரும் நண்பர்கள் சிலர் வாதிடுகின்றனர். இரண்டும் அசையும் படம்தானே என்பது அவர்கள் கூற்று. தெருக்கூத்தும் கதாகாலட்சேபமும் ஒன்றே என்பதற்கு ஒப்பானது இது.

நூலகத்துக்கு இரண்டு நூல்கள் மட்டுமே வாங்க இயலுமெனில் எவற்றைத் தேர்வது?

முதல் நூலில் நமக்கு ஐயமில்லை. டேவிட் போர்டுவெல்லும் கிறிஸ்டின் தாம்ப்சனும் எழுதி 1979இல் வெளிவந்த 'ஃபிலிம் ஆர்ட்', காட்சியமைப்பு, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலி எனப் படத்தின் உறுப்புகளைப் பிரித்துக் காட்டுகிறது. யாப்பருங்கலக்காரிகை செய்யுளுக்குச் செய்வதை அது படத்துக்குச் செய்கிறது.

ஆனால் அந்த அளவுகோல் தொலைக்காட்சிக்குப் பொருந்தாது. படத்துக்கு முதலும் முடிவும் உண்டு; ஆகவே அதனைப் பனுவலாகக் கொண்டு ஆராய்கிறோம். நெடுந்தொடர், இடையில் விளம்பரம், அடுத்த தொடரின் முன்னோட்டம், செய்தித் துணுக்கு: இவற்றுள் பனுவல் எது? கப்பலில் அட்லாண்டிக்கைக் கடந்து மயாமியில் இறங்கிய இரவில் ரேமண்ட் வில்லியம்ஸ் தொலைக்காட்சியில் ஒரு படம் பார்த்தார். விளம்பரங்களும் வேறு படங்களின் முன்னோட்டங்களும் அதனோடு பிரித்தறிய இயலாதபடி கலந்து வந்தன. அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததே, 'டெலிவிஷன்' என்னும் 1974ஆம் ஆண்டு நூலில் அவர் முன்வைத்த 'ஓட்டம்' என்ற கருத்தாக்கம். இரண்டாவது நூல் இதுவே.

பழைய நூல் என்பர். ஓர் அத்தியாயம் முடிந்ததும் அடுத்ததைத் தானே ஓடவிடும் இன்றைய இணையத் தளங்களைப் பார்த்தபின்னுமா அதைப் பழையது என்பது? வில்லியம்ஸிடம் குறை இல்லாமலில்லை. பார்ப்பவரின் குரல் அவரிடம் அதிகம் கேட்பதில்லை. அதற்கு, டெல்லியில் தூர்தர்ஷன் பார்த்த பெண்களோடு உரையாடிப் பூர்ணிமா மன்கேகர் 1999இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. பணமிருந்தால் மூன்றாவதாக அதை வாங்குக.

வாங்கக் கூடாதது, எல்லாக் கோட்பாட்டாளரையும் இரண்டிரண்டு பக்கங்களில் அடைத்து, தொலைக்காட்சியைக் கடைசி அத்தியாயமாக ஒட்டவைத்த தடித்த திரட்டு. அதனைப் படிக்கும் மாணவர் பெயர்களை மனனம் செய்வர். எதையும் பார்க்கக் கற்கமாட்டார். அதனினும் பெருங்கேடு வேறொன்று. தம் தாய் அன்றாடம் மாலையில் பார்ப்பது ஆய்வுக்குரியதன்று என்னும் இளக்காரத்தை அந்நூல் சொல்லாமலே கற்பிக்கும். வகுப்பறையில் ஒருமுறை படிந்த இளக்காரம் எளிதில் அகல்வதில்லை.