பயிற்சி யாருக்கு? பணம் யாருக்கு?

ஊருக்குள் ஒரு வேன் வருகிறது. "இலவசப் பயிற்சி! தங்க இடம் இலவசம்! சாப்பாடு இலவசம்! முடித்தவுடன் வேலை நிச்சயம்!" என்று ஒலிபெருக்கி முழங்குகிறது. களை பறித்துவிட்டுக் கரையேறும் தாய்மார்கள் நின்று கேட்கிறார்கள். பத்தாவது முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் மகள் நினைவுக்கு வருகிறாள். களை முடிந்தால் அறுப்பு வரைக்கும் வேலை இல்லை. நம் காலம்தான் வெயிலில் போயிற்று, பிள்ளையாவது ஒரு தொழில் கற்றுக்கொள்ளட்டும் என்று தாய் நினைக்கிறாள். மறுநாள் ஆதார் நகலையும் இரண்டு போட்டோவையும் கொடுத்துவிட்டு மகள் வேனில் ஏறுகிறாள்.

அந்தத் தாயின் ஆசையில் ஒரு குற்றமும் இல்லை. தொழில் கற்பது உழைப்பாளியின் உரிமை. நாம் கேட்கும் கேள்வி வேறு. அந்த வேனுக்கு டீசல் போட்டவர் யார்? அந்தப் பெண்ணின் தலைக்கு அவருக்கு எவ்வளவு கிடைக்கிறது? ஒரு வருஷம் கழித்து அந்தப் பெண் எங்கே நிற்கிறாள்? இந்த மூன்று கேள்விக்கும் விடை தெரிந்தால் இன்றைய பயிற்சித் திட்டங்களின் யோக்கியதை தெரிந்துவிடும்.

தலைக்கு இவ்வளவு என்று கண்ட்ராக்ட்

இந்தத் திட்டங்களில் சர்க்கார் பெரும்பாலும் நேராகப் பயிற்சி கொடுப்பதில்லை. 2008இல் தேசியத் திறன் மேம்பாட்டுக் கழகம் என்று ஒரு கம்பெனி அமைக்கப்பட்டது. அதன் பங்கில் 51 சதவீதம் தனியாருக்கு, 49 சதவீதம்தான் சர்க்காருக்கு. 2014இல் கிராமத்து ஏழை இளைஞர்களுக்காக என்று தீனதயாள் உபாத்யாய கிராமீண கௌசல்ய யோஜனா வந்தது. 2015 ஜூலையில் பிரதம மந்திரி கௌசல் விகாஸ் யோஜனா வந்தது. பெயர்கள் நம் வாயில் நுழையாவிட்டாலும் நடைமுறை சுலபமாக விளங்கும்.

டில்லி பணம் ஒதுக்குகிறது. வட்டாரத்துக்கு வட்டாரம் தனியார் நிறுவனங்கள் "பயிற்சி வழங்குவோர்" என்று பதிவு செய்துகொள்கின்றன. கட்டிடத்தை வாடகைக்குப் பிடித்து, நாலு தையல் மிஷினையோ பத்துக் கம்ப்யூட்டரையோ போட்டு, போர்டு மாட்டுகின்றன. ஒரு தலைக்கு, ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று சர்க்கார் பணம் கொடுக்கிறது.

பிரதமர் பெயரால் நடந்த திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2016இல் தொடங்கியது. அதில் பணம் கொடுத்த முறையைப் பாருங்கள். வகுப்பு தொடங்கியதும் நூற்றுக்கு 30. மாணவர் தேறி சர்டிபிகேட் வாங்கியதும் 50. வேலையில் சேர்த்ததாகக் காட்டினால் மீதி 20. கூலிக் கணக்குப் போடத் தெரிந்த எவருக்கும் இதன் அர்த்தம் விளங்கும். பிள்ளைக்கு வேலை கிடைக்கும் முன்பே நூற்றுக்கு எண்பது ரூபாய் நிறுவனத்தின் கைக்கு வந்துவிடுகிறது. மீதி இருபதுக்காக வேலை தேடி அலைவதைவிட, அடுத்த வேனில் அடுத்த கூட்டத்தை ஏற்றி வருவதே லாபம்!

இதில் நேர்மையாக நடக்கும் நிறுவனங்களும் உண்டு. சொற்பச் சம்பளத்துக்கு, நிரந்தரம் இல்லாமல், மனசாட்சியோடு சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர்களும் உண்டு. அவர்களும் உழைப்பாளிகளே. அவர்களை நாம் குறை சொல்லவில்லை. தலையை எண்ணிப் பணம் கொடுத்தால் தலைதான் எண்ணப்படும், தொழில் எண்ணப்படாது என்பதே நாம் சொல்வது.

சர்க்காரின் கணக்கரே சொன்னது

இது நம்முடைய கற்பனை அல்ல. நாட்டின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் இந்தத் திட்டத்தை 2015 முதல் 2022 வரை ஆராய்ந்தார். அந்த அறிக்கை 2025 டிசம்பரில் பார்லிமெண்டில் வைக்கப்பட்டது. மூன்று கட்டங்களுக்குமாக ஒதுக்கிய தொகை சுமார் 14,450 கோடி ரூபாய். பயிற்சி தர வைத்த இலக்கு 1 கோடியே 32 லட்சம் பேர்.

அறிக்கை என்ன சொல்கிறது? பயிற்சி பெற்றவர்களின் பேங்க் கணக்கு விவரங்களைத் தணிக்கையாளர் சோதித்தார். அவர் பார்த்த சுமார் 96 லட்சம் பதிவுகளில் 90 லட்சத்துக்கும் மேற்பட்டவற்றில் பேங்க் கணக்கு எண் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகவோ, பூஜ்யமாகவோ, உபயோகமற்றதாகவோ இருந்தது. வெவ்வேறு இடத்துப் பயிற்சிக்கு ஒரே போட்டோவைச் சாட்சியாகக் காட்டியிருந்தார்கள். நேரில் போய்ப் பார்த்தபோது சில மையங்கள் பூட்டிக் கிடந்தன. குறுகிய காலப் பயிற்சி முடித்துச் சர்டிபிகேட் வாங்கியவர்களில் வேலை கிடைத்ததாகக் காட்டப்பட்டவர்கள் நூற்றுக்கு 41 பேர்தான்.

தோழர்களே, நாம் ஒரு நாள் கூலி வாங்கும்போது கைநாட்டு வாங்காமல் விடுகிறார்களா? ஆலையில் ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தால் குறித்து வைக்காமல் விடுகிறார்களா? உழைப்பாளியின் ஐந்து நிமிஷத்துக்குக் கணக்கு உண்டு. கோடிக்கணக்கான பொதுப் பணம் யார் பெயரால் செலவானது என்பதற்குச் சரியான பேரேடு இல்லை! இந்தப் பணம் யாருடையது? தீப்பெட்டியிலிருந்து செருப்பு வரை நாம் வாங்கும் ஒவ்வொரு சாமானிலும் கட்டிய வரிப் பணம் இது.

தெரிந்த தொழிலுக்கு ஒரு காகிதம்

இன்னொரு வேடிக்கையும் இதே திட்டத்தில் உண்டு. "முன்கற்றலுக்கு அங்கீகாரம்" என்று அதற்குப் பெயர். ஏற்கெனவே தொழில் தெரிந்தவரைக் கூட்டி வந்து, சில மணி நேரம் உட்கார வைத்து, ஒரு சோதனை வைத்து, சர்டிபிகேட் கொடுப்பது. தேறியவருக்கு 500 ரூபாய் என்று விதி இருந்தது. முப்பது வருஷமாகக் கொத்து வேலை செய்பவருக்குக் கொத்து வேலை தெரியும் என்று ஒரு காகிதம்!

அங்கீகாரம் தவறு என்று நாம் சொல்லவில்லை. எழுத்தறியாத உழைப்பாளியின் கைத்திறனை நாடு மதிப்பதென்றால் சந்தோஷமே. ஆனால் மதிப்பு கூலியில் தெரிய வேண்டாமா? அந்தக் காகிதத்தைக் காட்டினால் மேஸ்திரி ஒரு ரூபாய் கூட்டிக் கொடுப்பாரா? கொடுக்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. ஆனால் "இத்தனை லட்சம் பேருக்குத் திறன் அளித்தோம்" என்று மேடையில் சொல்லும்போது அந்தக் கொத்தரும் கணக்கில் சேர்ந்துவிடுகிறார்.

"பயிலுநர்" என்ற பெயரில் உழைப்பு

ஆலைத் தொழிலாளிகளுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். பதிலி என்ற பெயரை நம் பாட்டன்மார் அறிவார்கள். வருஷக்கணக்கில் வேலை செய்தும் நிரந்தரம் ஆகாதவர் பதிலி. இன்று அதைவிடச் சௌகரியமான பெயர் முதலாளிகளுக்குக் கிடைத்திருக்கிறது. அதுதான் பயிலுநர்.

கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரங்களின் நூற்பாலைகளில் "சுமங்கலித் திட்டம்" என்ற பெயரில் நடந்ததை நாடே அறியும். தென் மாவட்டங்களிலிருந்தும் வறண்ட கிராமங்களிலிருந்தும் ஏழைப் பெண்களைக் கூட்டி வந்தார்கள். மூன்று வருஷம் ஆலை விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் கல்யாணச் செலவுக்கு ஒரு தொகை என்றார்கள். ஆலை ஏட்டில் அவர்களுக்குப் பெயர் பயிலுநர். அறுந்த இழையை ஒட்டவும், பாபின் மாற்றவும் மூன்று வருஷம் பயில வேண்டுமா? சில மாதத்தில் கை பழகிவிடும் என்பது ரிங் பிரேமில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும். மீதி நாளெல்லாம் முழுத் தொழிலாளியின் உழைப்பு, பயிலுநரின் கூலி! 2008இல் மாநில சர்க்கார் பஞ்சாலைப் பயிலுநருக்குக் குறைந்தபட்சம் நாளுக்கு 110 ரூபாய் என்று நிர்ணயித்தது. அதையும் எதிர்த்து ஆலை முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1961ஆம் வருஷத்துப் பயிலுநர் சட்டத்தின் 18ஆம் பிரிவு, பயிலுநர் பயிற்சி பெறுபவரே, தொழிலாளி அல்ல என்கிறது. விபத்து நஷ்ட ஈடும் பாதுகாப்பு விதிகளும் மட்டும் அவருக்கு உண்டு. 2014இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். சட்டத்தை மீறும் முதலாளிக்கு இருந்த சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு அபராதத்தை மட்டும் வைத்தார்கள். பயிற்சி முடித்தவரை வேலைக்கு எடுப்பது பற்றி முதலாளியே கொள்கை வகுத்துக்கொள்ளலாம் என்றும் எழுதினார்கள். 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் "தொழிலாளி" என்ற சொல்லுக்குள் அந்தப் பயிலுநரைச் சேர்க்கவில்லை.

இதற்கு மேல் சர்க்கார் பணமும் உண்டு. 2016இல் வந்த தேசியப் பயிலுநர் ஊக்குவிப்புத் திட்டப்படி, பயிலுநருக்குக் கொடுக்கும் உதவித் தொகையில் கால் பங்கு, மாதம் 1,500 ரூபாய் வரை, கஜானா ஏற்றுக்கொள்கிறது. மிஷின் ஓடுகிறது, நூல் விற்கிறது, லாபம் முதலாளிக்கு. மிஷினை ஓட்டுபவரின் கூலியில் ஒரு பங்கு மட்டும் பொது ஜனங்களின் தலையில்!

நிரந்தரத் தொழிலாளி ஒன்றைக் கவனிக்க வேண்டும். பக்கத்து மிஷினில் நிற்கும் பயிலுநர் நம் வேலைக்குப் போட்டி அல்ல. அவரை மலிவாக வைத்திருப்பதே நம் கூலிக்கு ஆபத்து. ஓய்வு பெற்றுப் போகும் ஒவ்வொருவர் இடத்திலும் ஒரு பயிலுநரை நிறுத்தினால், பத்து வருஷத்தில் அந்த ஆலையில் தொழிலாளி என்று யார் இருப்பார்? போனஸ் பேச்சுவார்த்தைக்கு யார் உட்காருவார்?

பயிற்சி வேண்டாமா?

"எதைச் செய்தாலும் குறை சொல்கிறீர்கள், உங்களுக்குப் பயிற்சியே வேண்டாமா?" என்று கேட்பார்கள். வேண்டும். நன்றாகவே வேண்டும். இந்த நாட்டில் 1950 முதல் தொழிற் பயிற்சி நிலையங்கள், அதாவது ஐ.டி.ஐ.கள், நடந்து வருகின்றன. அங்கே பிட்டர் வேலை கற்க இரண்டு வருஷம். பட்டறை உண்டு, லேத் உண்டு, கையில் அரம் பிடித்துத் தேய்க்கும் பயிற்சி உண்டு. கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அங்கே கற்று ரயில்வேயிலும் மின்சார வாரியத்திலும் பெரிய ஆலைகளிலும் நிமிர்ந்து நின்றார்கள். பிரதமர் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் குறுகிய காலப் பயிற்சி எவ்வளவு? 150 முதல் 300 மணி நேரம். அதாவது எட்டு மணி ஷிப்டுக் கணக்கில் இருபது முதல் நாற்பது நாள்! இரண்டு வருஷத்தில் கற்பதும் நாற்பது நாளில் கற்பதும் ஒன்றாகுமா?

ஆகவே நம் கோரிக்கை தெளிவானது. பயிற்சிப் பணம் முதலில் சர்க்கார் ஐ.டி.ஐ.களுக்குப் போக வேண்டும். ஆசிரியர் இடங்கள் நிரப்பப்பட வேண்டும். பெண்களுக்கு விடுதி வேண்டும். மாலை வகுப்பு வேண்டும். விவசாயத் தொழிலாளி ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்தால் ஒரு நாள் கூலி போகிறது. அந்தக் கூலியை ஈடு செய்யாமல் "இலவசப் பயிற்சி" என்று சொல்லக் கூடாது. உற்பத்தி மிஷினில் நிற்பவர் யாரானாலும் அந்த மிஷினுக்குரிய கூலி வேண்டும். தனியார் நிறுவனத்துக்குப் பணம் கொடுத்தே தீர வேண்டுமென்றால், பெரும் பங்கு கடைசியில் இருக்கட்டும். வேலையில் ஒரு வருஷம் நிலைத்த பிறகு, பயிற்சி பெற்றவரே "ஆம், வேலை கிடைத்தது, கூலி இவ்வளவு" என்று கையெழுத்திட்டால்தான் அது கைமாற வேண்டும்.

நாம் செய்யக் கூடியது

சர்க்கார் செய்யும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வேன் வந்தால் ஐந்து கேள்வி கேளுங்கள். எத்தனை மாதப் பயிற்சி? வேலை எந்த ஊரில், எந்தக் கம்பெனியில்? கைக்கு வரும் கூலி எவ்வளவு, சாப்பாட்டுக்கும் விடுதிக்கும் எவ்வளவு பிடிப்பார்கள்? பி.எப்., ஈ.எஸ்.ஐ. உண்டா? போன வருஷம் கூட்டிப் போனவர்கள் இப்போது எங்கே? எழுத்தில் பதில் தராதவரிடம் ஆதார் நகலைக் கொடுக்காதீர்கள்.

அடுத்த கிராம சபையில் கேளுங்கள்: நம் ஊரில் சர்க்கார் செலவில் பயிற்சி பெற்றதாக எழுதப்பட்டவர்கள் யார் யார்? பட்டியலை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். வேலை கிடைத்ததாக எழுதியிருக்கும் பிள்ளை வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். டில்லியிலிருந்து வரும் தணிக்கையாளரைவிட ஊர் ஜனங்கள் நல்ல தணிக்கையாளர்கள். பட்டியல் தர மறுத்தால் 2005ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவருக்கு அந்த மனுவுக்குக் கட்டணமும் இல்லை.

ஆலையில் உள்ள தோழர்களே, உங்கள் ஷிப்டில் எத்தனை பயிலுநர்கள், எத்தனை மாதமாக, எந்த மிஷினில் நிற்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். யூனியன் கமிட்டியில் அந்த நோட்டை வையுங்கள். விடுதியில் இருக்கும் பெண்களோடு பேசுங்கள். அவர்களைச் சட்டம் தொழிலாளி என்று ஒப்புக்கொள்ளாமல் இருக்கலாம். பக்கத்து மிஷினில் நிற்கும் நாம் ஒப்புக்கொள்வதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.