மரவள்ளி மாவுக்கு மருந்துக் கம்பெனி விலை கிடைக்குமா?

கேள்வி: மரவள்ளி மாவில் மருந்தைக் கலந்து தூளாக்கி விற்கிறார்களாம். இதை நம்பிக் கூடுதலாக இரண்டு ஏக்கர் நடலாமா? (நாமக்கல் மாவட்ட வாசகர்)

பதில்: மாவு மருந்தைச் சுமக்கிறது என்பது உண்மை. பால் பவுடர் தயாரிக்கும் தெளிப்பு உலர்த்தல் முறைதான் இதற்கும். பச்சை மாவு குளிர்ந்த நீரில் கரையாமல் தொட்டியின் அடியில் படிந்துவிடும். அதனால் நொதி அல்லது அமிலத்தால் உடைத்து, கரையக்கூடிய மால்டோடெக்ஸ்ட்ரினாக மாற்றுவார்கள். அதையும் மருந்தையும் நீரில் கலந்து, உயரமான எஃகு அறைக்குள் பனிபோலத் தெளிப்பார்கள். உள்ளே வரும் காற்றின் சூடு பெரும்பாலும் 150 முதல் 200 டிகிரி செல்சியஸ். துளி சில நொடிகளில் தூளாகிவிடும். ஈரம் ஆவியாகும்வரை துளி காற்றைவிடக் குளிர்ச்சியாகவே இருப்பதால், சூடு தாங்காத பல மருந்துகளையும் இப்படி உலர்த்த முடிகிறது. மாவு உறை மருந்தின் கசப்பை மறைக்கும்; காற்றுபட்டுக் கெடுவதையும் குறைக்கும்.

ஆனால் இந்தியாவில் மால்டோடெக்ஸ்ட்ரின் பெரும்பாலும் மக்காச்சோள மாவிலிருந்தே வருகிறது. மரவள்ளியிலும் செய்யலாம், தாய்லாந்தில் செய்கிறார்கள். மருந்துக்குப் போகும் மாவில் மண், நார், கிருமி, வெளுப்பு ரசாயனம் எல்லாவற்றுக்கும் சோதனை உண்டு. திறந்த களத்தில் தூசிபடக் காயும் மாவு அதில் தேறுவது கடினம். ஆக, அந்தக் கூடுதல் விலை ஆலையின் சுத்தத்துக்கும் இயந்திரத்துக்கும் கிடைப்பது. கிழங்குக்குத் தானாக வந்துவிடாது. விவசாயிக்கு இன்றும் பாயிண்ட் கணக்குதான்.

அந்தப் பாயிண்ட்டை உயர்த்துவது விவசாயி கையில் இருக்கிறது:

• மண் பரிசோதனைப்படி சாம்பல் சத்தைக் குறைக்காமல் இடவும். கிழங்கில் மாவு சேர அது தேவை.
• ரகத்துக்கு ஏற்ற வயதில் அறுவடை செய்யவும். மழைக்குப்பின் புதுத்துளிர் விட்டால் மாவு குறையும்.
• தேமல் நோய் இல்லாத செடியிலிருந்து மட்டும் விதைக்கரணை எடுக்கவும்.
• பிடுங்கிய கிழங்கை அன்றே ஆலைக்கு அனுப்பவும். இரண்டு மூன்று நாளில் உள்ளே கருநீலக் கோடு ஓடி மாவு கெடும்.

மருந்துக் கம்பெனிக்கு வாங்குவதாக யாராவது வந்தால், அளவு, விலை, பாயிண்ட் எங்கே சோதிப்பது, பணம் எப்போது என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே கரணை நடவும். அது கைக்கு வரும்வரை அந்த இரண்டு ஏக்கருக்குக் கிணற்றுத் தண்ணீரையும் ஆலை விலையையும் மட்டுமே கணக்கில் கொள்ளவும்.