பழைய திரையரங்குகளை இடிக்கும் முன் ஆவணப்படுத்துக: எங்கள் நிலைப்பாடு

கோவை வெரைட்டி ஹால் சாலையில், தென்னிந்தியாவின் முதல் நிரந்தரத் திரையரங்குகளுள் ஒன்றை 1914-ல் சாமிக்கண்ணு வின்சென்ட் கட்டினார். ரயில்வே ஊழியராக இருந்த அவர், 1905-ல் பிரெஞ்சுக்காரர் டுபாண்டிடம் புரொஜெக்டரும் படச்சுருள்களும் வாங்கி, ஊர் ஊராகக் கொட்டகை போட்டுப் படம் காட்டியவர். மின்சாரம் பரவலாகாத அந்நாளில் சொந்த ஜெனரேட்டரை ஓட்டித் தன் அரங்கில் படம் காட்டினார். சாலைக்கே பெயர் தந்த அந்த அரங்கம் பின்னர் 'டிலைட்' ஆனது. இன்று கட்டடம் இல்லை. பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இடத்தின் உரிமையாளர்களை நாங்கள் குறை கூறவில்லை. கூட்டம் மல்டிபிளெக்ஸுக்கும் ஓடிடிக்கும் போய்விட்டது. டவுனுக்கு நடுவே உள்ள இடத்தின் மதிப்போ, டிக்கெட் வசூலால் எட்ட முடியாத உயரத்தில் இருக்கிறது. நட்டத்தைத் தாங்கிக்கொண்டு அரங்கை நடத்துங்கள் என்று தனி ஒருவரிடம் கேட்பது நியாயமாகாது. ஊருக்குப் பொதுவான வரலாற்றைக் காக்கும் செலவையும் பொறுப்பையும் அரசும் ஊரும்தான் ஏற்க வேண்டும்.

அது முடியாத காரியமல்ல. 1913-ல் தொடங்கிய சென்னை எலெக்ட்ரிக் தியேட்டர், அண்ணா சாலை அஞ்சலக வளாகத்தில் தபால்தலை விற்பனையகமாக இன்றும் நிற்கிறது. படம் ஓடுவது நின்றாலும் கட்டடத்துக்கு வேறு வாழ்வு உண்டு. பாரம்பரியக் கட்டடங்களுக்கான ஆணையம் அமைக்கத் தமிழ்நாட்டில் 2012-லேயே சட்டமும் இயற்றப்பட்டது.

எனவே நாங்கள் கோருவது:

1. பொள்ளாச்சி, உடுமலை, கோபி, தாராபுரம் உட்படக் கொங்கு ஊர்களின் பழைய ஒற்றைத்திரை அரங்குகளைக் கணக்கெடுக்க வேண்டும்.

2. இடிக்க அனுமதி தரும் முன் வரைபடம், புகைப்படம், ஆபரேட்டர்களின் வாய்மொழிப் பதிவு ஆகியவற்றைக் கட்டாயமாக்க வேண்டும்.

3. பாதுகாக்கப்படும் அரங்குகளுக்குச் சொத்து வரியிலும் உள்ளாட்சிக் கேளிக்கை வரியிலும் சலுகை தர வேண்டும்.

4. வெரைட்டி ஹால் சாலையில் வின்சென்டுக்கு நினைவுப் பலகை வைத்து, கார்பன் குச்சி எரித்து ஓட்டிய பழைய புரொஜெக்டர்களைக் காப்பாற்றிக் கோவையில் ஒரு காட்சிக்கூடம் அமைக்க வேண்டும்.

உங்கள் ஊர் தியேட்டரின் படம், நோட்டீஸ், டிக்கெட் கட்டை எது கையில் இருந்தாலும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். உள்ளூர் நூலகத்துக்கோ கல்லூரிக்கோ ஒரு நகலாவது கொடுத்து வையுங்கள்.