டிஸ்க் விலகலும் உடற்பயிற்சிக் கூடமும்

முதுகுத் தண்டில் டிஸ்க் விலகியிருப்பதாக எம்.ஆர்.ஐ. அறிக்கை வந்தவுடன், உடற்பயிற்சிக் கூடத்திற்குச் செல்வோரில் பலர் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கின்றனர். ஒரு சாரார், கட்டிய ஆண்டுக் கட்டணத்தையும் பொருட்படுத்தாமல் பயிற்சியை அறவே விட்டுவிடுகின்றனர். மற்றொரு சாரார், மாத்திரையால் வலி சற்றுத் தணிந்ததும் முன்பு தூக்கிய அதே எடையை மீண்டும் தூக்கத் தொடங்குகின்றனர். இவ்விரண்டுமே தவறு என்பது நம் கருத்து. இரண்டாவதன் தீங்கு உடனே தெரிந்துவிடுகிறது; முதலாவதன் தீங்கு மெல்ல வெளிப்படுவதால் அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தை போல் அமைந்துள்ள டிஸ்க்குகள் 23. வெளியே உறுதியான நார் வளையமும், உள்ளே நீர்ச்சத்து மிகுந்த கூழும் கொண்டவை அவை. வளர்ந்தவர்களின் டிஸ்க்குகளுக்கு நேரடி இரத்த ஓட்டம் மிகக் குறைவு. அருகிலுள்ள எலும்புகளிலிருந்து ஊறி வரும் ஊட்டமே அவற்றுக்கு ஆதாரம். அளவான அசைவு அதற்குத் துணைபுரிகிறது. முதுகைத் தாங்கும் தசைகளோ, பயன்படுத்தாவிட்டால் நலிந்துவிடும். எனவே நீண்ட படுக்கை ஓய்வு டிஸ்க்கைக் காப்பதில்லை.

ஸ்கேன் அறிக்கையைக் கண்டு அளவுக்கு மீறி அஞ்சவும் வேண்டியதில்லை. முதுகு வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், 20 வயதினரில் 30 விழுக்காட்டினருக்கும், 50 வயதினரில் 60 விழுக்காட்டினருக்கும் டிஸ்க் பிதுக்கம் காணப்பட்டது. டிஸ்க் விலகலால் உண்டாகும் கால் வலி, பலருக்கு அறுவைச் சிகிச்சையின்றியே சில வாரங்களில் தணிகிறது. படத்தில் தெரிவதைக் காட்டிலும், உடல் உணர்த்துவதே பயிற்சிக்கு நல்ல வழிகாட்டி.

ஆயினும், எல்லாப் பயிற்சியும் எல்லா முதுகிற்கும் ஏற்றதன்று. ஸ்வீடன் நாட்டு எலும்பியல் மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன், 1960களில் டிஸ்க்கினுள் ஏற்படும் அழுத்தத்தை நேரடியாக அளந்தார். முன்னோக்கிக் குனியும்போதும், குனிந்த நிலையில் எடையைத் தூக்கும்போதும் அழுத்தம் பெரிதும் உயர்வதை அவருடைய அளவீடுகள் காட்டின. ஆகவே தொடக்க மாதங்களில் டெட்லிஃப்ட், தோளில் பார்பெல் வைத்துச் செய்யும் ஸ்குவாட், சிட்-அப், எடையுடன் இடுப்பைத் திருகும் பயிற்சிகள் ஆகியவற்றை ஒதுக்கி வைப்பது நலம். லெக் பிரஸ் கருவியில் முழங்கால்கள் மார்பை நெருங்கும்போது இடுப்பு இருக்கையை விட்டு எழும்பினால், அங்கும் கீழ்முதுகு வளைகிறது என்று பொருள்.

அவற்றுக்கு மாற்று உண்டு. நடைப்பயிற்சி, பக்கவாட்டுப் பிளாங்க், மண்டியிட்டுக் கையூன்றிய நிலையில் எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுதல், மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துதல் ஆகியவை முதுகை அதிகம் வளைக்காமல் தசைகளை வலுவாக்குகின்றன. மார்புக்கோ முதுகுக்கோ சாய்மானம் உள்ள கருவிகளில் குறைந்த எடையுடன் கைகளுக்கும் தோள்களுக்கும் பயிற்சி செய்யலாம். பயிற்சியை ஒழுங்காகச் செய்துவிட்டு, டம்பெல்லைத் தரையில் வைக்கும்போது கவனமின்றிக் குனிவோர் பலர். அந்த ஒரு கணமும் பயிற்சியின் பகுதியே. இரவில் டிஸ்க்குகள் நீரை உறிஞ்சிப் பருத்திருப்பதால், எழுந்தவுடன் குனிவது அவற்றுக்குக் கூடுதல் சுமையாகிறது. விடியலில் கூடத்திற்கு விரைவோர் முதலில் சற்று நேரம் நடப்பது நன்று.

வலியின் திசையையும் நாம் கவனித்தாக வேண்டும். முதுகில் இருந்த வலி பிட்டத்திற்கும், அங்கிருந்து கெண்டைக்காலுக்கும் இறங்கினால் அந்தப் பயிற்சியை அன்றே நிறுத்த வேண்டும். காலில் இருந்த வலி முதுகை நோக்கிச் சுருங்கினால் அது பொதுவாக நல்ல அறிகுறி. தொடைகளின் இடைப்பகுதி மரத்துப்போதல், சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாட்டை இழத்தல், சிறுநீர் கழிக்க இயலாமை, கால் பாதம் தொங்கிப்போதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் ஒரு நாளும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இத்தனை பொறுப்பையும் உறுப்பினர் மீது மட்டும் சுமத்துவது நியாயமன்று. சேர்க்கைப் படிவத்தில் உயரத்தையும் எடையையும் கேட்கும் கூடங்கள், முதுகைப் பற்றியும் கேட்க வேண்டும். மருத்துவரோ இயன்முறை மருத்துவரோ விலக்கச் சொன்ன பயிற்சிகள் உறுப்பினரின் அட்டையில் எழுதப்பட வேண்டும்; பயிற்சியாளர் மாறினாலும் அந்தக் குறிப்பு மாறக் கூடாது. 'இன்னும் ஒரு முறை' என்று ஊக்குவிக்கும் குரல், நரம்பு வலியுடன் இருப்பவரிடம் ஒலிக்கக் கூடாது. நம் பங்கிற்கு நாமும் கூச்சத்தால் நோயை மறைக்காதிருக்க வேண்டும். தள்ளுபடியைக் கண்டு ஓராண்டுக் கட்டணத்தை ஒரே தவணையில் செலுத்துமுன், உடல்நலக் காரணத்தால் இடையில் நிறுத்திவைக்க இயலுமா என்பதை எழுத்துப்பூர்வமாகக் கேட்டறிவதும் விவேகம்.

அலுவலக நாற்காலியில் நாள் முழுவதும் அமர்ந்திருக்கும் நம் போன்றோருக்கு வலுவான முதுகு ஆடம்பரமன்று; வருவாயைக் காக்கும் முதலீடு அது. சிறு தொகையாயினும் தவறாது செலுத்தும் சேமிப்பைப் போல, சிறு எடையாயினும் சரியான நிலையில், இடைவிடாது செய்யும் பயிற்சியே முதுகைக் காக்கும்.