சொல் ஒன்று, பொருள் இரண்டு



இரண்டாம் உலகப் போர்க்காலம். பிரிட்டிஷ், அமெரிக்கப் படைத் தலைவர்கள் கூடிப் பேசுகிறார்கள். அவசரமான ஓர் ஆவணத்தை ‘டேபிள்’ செய்ய வேண்டும் என்கிறது பிரிட்டிஷ் தரப்பு. கூடவே கூடாது என்கிறது அமெரிக்கத் தரப்பு. வாக்குவாதம் முற்றியது. பிரிட்டனில் அந்தச் சொல்லுக்கு உடனே விவாதத்துக்கு எடுப்பது என்று பொருள். அமெரிக்காவிலோ ஒத்திப்போடுவது என்று பொருள். இரு தரப்பும் கேட்டது ஒன்றைத்தான்! சர்ச்சில் தம் போர் நினைவுகளில் இதை எழுதியிருக்கிறார்.

அன்றாட வாழ்விலும் இதே கதைதான். லண்டனில் ‘பர்ஸ்ட் ப்ளோர்’ என்றால் மாடி ஏற வேண்டும். நியூயார்க்கில் அது தெருவோடு ஒட்டிய தரைத்தளம். லண்டனில் ‘சிப்ஸ்’ கேட்டால், தடிமனாக நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கு சுடச்சுட வரும். அமெரிக்காவில் கேட்டால் பாக்கெட்டில் அடைத்த மொறுமொறு வறுவல். அமெரிக்கத் தென்மாநிலங்களில் ‘பிஸ்கட்’ என்பது காலை உணவுக்குக் குழம்பு ஊற்றிச் சாப்பிடும் மெத்தென்ற ரொட்டி.

ஏன் இப்படி? 1776இல் அமெரிக்கா தனி நாடானது. மோட்டார் கார் வந்தது அதற்கு நூறாண்டுக்கும் பின்னால். அதனால் அதன் பாகங்களுக்கு இரு நாட்டினரும் தனித்தனியே பெயரிட்டார்கள். நாம் டிக்கி என்பது பிரிட்டனில் ‘பூட்’, அமெரிக்காவில் ‘ட்ரங்க்’. நம் நாவில் நிலைத்துவிட்ட லாரி, பெட்ரோல், லிப்ட், டார்ச் எல்லாம் பிரிட்டிஷ் வழி வந்தவை.

அதற்காக அமெரிக்கச் சொற்களைக் கொச்சை என்று ஒதுக்குவது நியாயமல்ல. இலையுதிர் காலத்தைக் குறிக்கும் ‘பால்’ என்ற சொல் ஒரு காலத்தில் இங்கிலாந்திலேயே புழங்கியது. பிரிட்டிஷார் முகம் சுளிக்கும் ‘சாக்கர்’ என்ற பெயரும் 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், ‘அசோசியேஷன்’ கால்பந்து என்பதைச் சுருக்கிப் பிறந்ததுதான். தாய்வீடு மறந்ததைப் புகுந்த வீடு பத்திரமாக வைத்திருக்கிறது.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் ‘லிப்ட்’ என்பதற்கு அமெரிக்க வழக்கில் ‘எலிவேட்டர்’ என்று எழுதினால் உடனே சிவப்பு மையால் அடித்துவிடாதீர்கள். இரண்டு வழக்குகளையும் சொல்லிக்கொடுங்கள். ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் எழுதப் பழக்குங்கள். அந்தப் பழக்கம் தேர்வுக்கும் உதவும், நாளைய வேலைக்கும் உதவும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோடும் பேரக்குழந்தைகளோடும் பேசுகையில் உங்களைத் திகைக்க வைத்த சொற்கள் நிச்சயம் இருக்கும். எழுதி அனுப்புங்கள். அடுத்தடுத்த இதழ்களில் பகிர்ந்துகொள்வோம்.

அன்புடன்,
ஆசிரியர்