கால்வாய் நமது, பெயர் யாருடையது?

மரக்காணத்து உப்பளங்களை அடுத்துக் கிடக்கும் நெடுங்கால்வாயைப் பக்கிங்காம் கால்வாய் என்கின்றனர். பக்கிங்காம் என்பது அதனை வெட்டியவர் பெயரன்று. 1875 முதல் 1880 வரை சென்னை ஆளுநராயிருந்த ஆங்கிலக் கோமகனின் பட்டப்பெயர். அதுவும் இங்கிலாந்தில் ஓர் ஊரின் பெயரே. அவருடைய குடிப்பெயரோ ஐந்து பெயர்களைக் கோத்த தொடர். அவற்றுள் முதலாவது தெம்பிள். கோயில் என்பது அச்சொல்லின் பொருள்!

தெம்பிள் என்னும் குடிப்பெயரினர் பலர். 1857-இல் வடநாட்டு எழுச்சி ஒடுக்கப்பட்ட காலத்துப் பிரித்தானியத் தலைமை அமைச்சர் பாமர்சுட்டனின் இயற்பெயர் என்றி சான் தெம்பிள். 1942-இல் காண்டர்பரிப் பேராயரானவர் வில்லியம் தெம்பிள். அமெரிக்கத் திரையில் சிறுமியாய் நடித்துப் புகழ்பெற்றவர் சர்லி தெம்பிள். இவர்களைத் தமிழன் மறப்பினும் குற்றமில்லை. மறக்கவொண்ணாதவர் ஒருவர் உளர். அவர் இரிச்சர்டு தெம்பிள். (ஆளுநரின் முதற்பெயரும் இரிச்சர்டே என்பது வேடிக்கை.)

தாது ஆண்டுப் பஞ்சம் என்று மக்கள் இன்றும் சொல்லும் 1876-78 வற்கடத்தில், செலவைக் குறைக்கவென்று கல்கத்தா அரசு விடுத்த ஆள் அவர். 1877 சனவரியில், நாள் முழுதும் மண் சுமப்பவனுக்கு ஒரு பவுண்டு தவசம் போதும் என்றார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவினும் குறைவு! சென்னை நலவாழ்வுத் துறைத் தலைவர் கார்னிசு என்னும் ஆங்கிலரே இதனை எதிர்த்தெழுதினார். மக்கள் மடிந்த பின்னரே, சில திங்கள் கழித்து, அளவு உயர்த்தப்பட்டது. தென்னாட்டில் மாண்டோர் ஐம்பது இலக்கத்திற்கும் மேல். வரலாற்று நூல்களில் அக் கொடுமைக்குத் 'தெம்பிள் கூலி' என்றே பெயர்.

அவ் வற்கடத்திலேதான் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியைப் பசித்தோர் வெட்டினர். 1878-இல் கால்வாய் முழுதிற்கும் கோமகன் பெயர் சூட்டப்பட்டது. அதே ஆண்டில் சென்னை மாநிலத்தில் உப்பு வரியும் உயர்ந்தது. மரக்காணத்து உப்பு அவ் வரியைச் சுமந்துகொண்டே தோணியேறி அக்கால்வாய் வழிச் சென்னைக்குப் போயிற்று.

பெயர் மாற்றினால் வரலாறு அழியும் என்பார் உளர். 1878-க்கு முன் அது காக்கிரேன் கால்வாய். 1806-இல் தொடங்கி வெட்டுவித்த காக்கிரேனின் பெயரை ஆங்கிலரே அழித்துத் தம் ஆளுநர் பெயரை எழுதினர். அன்று எவரும் வரலாற்றுக்காகக் கண்ணீர் வடித்திலர்.

மரக்காணமே கழகக் காலத்து எயிற்பட்டினம் என்பர் அறிஞர். உப்பு விற்றுத் திரிந்த உமணரைப் பாடாத பழந்தமிழ்த் தொகை அரிது. ஆந்திர எல்லைக்குள் அவர்கள் விரும்பும் பெயரை அவர்கள் இட்டுக்கொள்ளட்டும். தமிழக எல்லைக்குள், எண்ணூர்க்கு வடக்கிலிருந்து மரக்காணம் வரை, 'உமணர் கால்வாய்' என அரசிதழில் அறிவிக்கத் தமிழக அரசு முன்வரவேண்டும். மரக்காணத்துப் பாலத்தில் முதற் பலகை நடப்படவேண்டும்.